பெண் வீட்டு டிஜேயும் மாப்பிள்ளை வீட்டு டிஜேயும்

டிஜே வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயது இதுவென்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. பிரிவு உபசார விழா கிடையாது. சந்தன மாலை, சுவர்க் கடிகாரம், "அன்னாரின் தன்னலமற்ற சேவை" என்று தொடங்கும் உரை எதுவும் கிடையாது. நாமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரிவித்தவள் ஒரு மணப்பெண். வரவேற்பு மேடையிலிருந்து இறங்கி நேராக என் மேசைக்கு வந்து, "அங்கிள், என் காதுகுத்துக்கு நீங்கதான டிஜே? நான் அழுவறது வெளிய கேக்கக்கூடாதுன்னு சத்தத்த ஏத்தி வுட்டீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்று சிரித்தாள். அந்த நிகழ்ச்சியோடு ஹெட்போனை உறையில் போட்டேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கத்து இளம் டிஜேக்களின் வாட்ஸ்அப் குழு. புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். பாட்டுகளை உள்ளே போட்டால் அதுவே வரிசைப்படுத்துகிறது, அதுவே வேகத்தைப் பொருத்துகிறது, அதுவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. டிஜே கையை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றால் போதும். பலர் ஏற்கெனவே அதைத்தான் செய்கிறார்கள் என்பதால் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. இருந்தாலும் பயந்துபோய், "அண்ணா, மிக்ஸிங்ல எத்தன ஸ்டைல் இருக்கு, எத எப்ப போடணும், எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள்.

பயப்படாதீர்கள் என்பதுதான் முதல் பதில். இசைத்தட்டுப் பெட்டிகளை மாடிக்குத் தூக்கிய என் முதுகு, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே பொருத்தும் சிங்க் பட்டனைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டச் சொல்கிறது. வேகம் பொருத்துவதை இயந்திரமே செய்யட்டும். எந்தக் கூட்டத்துக்கு எந்த முறை என்று முடிவெடுப்பதுதான் வேலை. அதை நான் கற்றுக்கொண்டது இரண்டு ஊர்களில், நேரெதிரான இரண்டு பாடங்களாக.

நான் இயற்பியலில் முதுகலை படித்தவன். அலைகளும் அதிர்வுகளும் என்ற தாளில் நல்ல மதிப்பெண். அதை வைத்துக்கொண்டு பெங்களூரில் ஒரு ஹோட்டலின் நடன அரங்கில் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். அங்கிருந்த டிஜே துபாய்க்குப் போனதும், "உனக்கு வயர் தெரியுமே" என்ற ஒரே தகுதியில் அவர் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். ஊரில் அப்பா, "பையன் ஒலியியல் துறையில் இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டார். பொய்யில்லை.

அடிப்படை எளிது. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் மட்டும் கேட்டு, இரண்டின் அடியும் ஒன்றாக விழும்படி வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். சரியாக அமைந்தால் ஒரே ஆள் நடப்பது போலிருக்கும். தவறினால் ஒரு காலில் செருப்பும் மறுகாலில் பூட்ஸும் போட்டவன் மாடிப்படி இறங்குவது போலிருக்கும். அடுத்தது, வாக்கியம். நடன இசை எட்டெட்டு அடியாகச் சேர்ந்து வாக்கியம் வாக்கியமாக நகரும். எதிராளி பேசி முடிக்கும் முன் பேசத் தொடங்குவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மிக்ஸரில் கூடாது. மூன்றாவது, பேஸ் என்கிற அடிக்குரல். இரண்டு பாட்டின் பேஸும் ஒரே நேரத்தில் ஒலித்தால் சத்தம் பெருகாது, குழம்பும். ஒன்றை இறக்கும் அதே அடியில் மற்றதை ஏற்ற வேண்டும். ஒரே அடுப்பில் இரண்டு சம்பந்தியம்மாக்கள் சமைக்கும் நிலைமையைக் கற்பனை செய்துகொண்டால் இந்த விதி மறக்காது.

அரங்கின் மேலாளர் லோபோ மேடம். மங்களூர்க்காரர், ஹோட்டலின் கணக்குப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர். இசையில் அவருக்கு எந்த விருப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆட்டம் நடக்கும்போது ஆடுபவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நிற்பார். ஆடப் போகும் பெண்கள் தங்கள் கைப்பைகளை அந்த நாற்காலிகளில்தான் வைத்துவிட்டுப் போவார்கள். நான் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது யாராவது வந்து தன் பையை எடுத்தால், மேடம் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்துவார். ஒரு தவறு என்று பொருள்.

ஒருநாள் விளக்கமும் தந்தார். "பாட்டு மாறுதுன்னு தெரிஞ்சா பேக் ஞாபகம் வரும் மா. பேக் ஞாபகம் வந்தா வீடு ஞாபகம் வரும். வீடு ஞாபகம் வந்தா ஆட்டோ ஞாபகம் வரும். அப்புறம் யாருக்கு நீ பாட்டு போடுவ? சேருக்கா?"

மிக்ஸிங் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த வரையறை இன்றுவரை அதுதான். அதிலிருந்து பிறந்தது என் நீண்ட கலவை. ஹவுஸ், டிரான்ஸ் வகை இசைக்காரர்களின் முறை இது. புதிய பாட்டின் சலங்கைச் சத்தம் போன்ற மேல் ஒலியை மட்டும் முதலில் உள்ளே விடுவது. பிறகு நடு ஒலி. வாக்கியம் முடியும் இடத்தில் பேஸை மாற்றிக்கொள்வது. பழைய பாட்டை அது போவதே தெரியாமல் வெளியே அனுப்புவது. விருந்து வீட்டில் குழந்தை தூங்கியதும் மடியை மெல்ல உருவிக்கொள்வோமே, அந்த நிதானம் வேண்டும். மும்பையிலிருந்து வந்த விருந்தினர் டிஜே ஒருவர் பாட்டைப் பட்டென்று வெட்டி வெட்டி மாற்றியபோது, மேடம் ஐந்து விரல்களையும் உயர்த்தினார். பிறகு நேராக மேசைக்கு வந்து, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில், "பேடப்பா, பேடா" என்று தாயன்போடு சொல்லி அவர் கையிலிருந்து ஹெட்போனை வாங்கிக்கொண்டார்.

பெங்களூரில் ஆட்டத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்து அரங்குகள் ஓய்ந்த சமயத்தில் ஊர் திரும்பினேன். எனக்குக் கிடைத்த முதல் நிகழ்ச்சி தர்மபுரிப் பக்கத்து இண்டூரில் ஒரு காதுகுத்து. லோபோ மேடத்தின் விரலை மனதில் வைத்து, என் வாழ்நாளின் தலைசிறந்த கலவையைச் செய்தேன். ஒரு தையல் வெளியே தெரியவில்லை. தோளில் துண்டு போட்ட ஒருவர் மெல்ல மேசைக்கு வந்தார்.

"தம்பி, பெட்டி ரிப்பேருங்களா?"

"இல்லைங்களே. ஏன்?"

"வந்ததுலருந்து ஒரே பாட்டே ஓடுதே."

"அஞ்சு பாட்டு மாறிடுச்சுங்க."

"மாறுனா சொல்ல வேணாமா? நான் பாட்டுக்கு என் மச்சான் கேட்ட பாட்டு எப்ப வரும்னு ஒக்காந்திருக்கறன். அது வந்தே போயிடுச்சா?"

வந்தே போயிருந்தது. மச்சான் அதற்கு ஆடவும் செய்திருந்தார், தன் பாட்டு என்று தெரியாமல். இது பெரிய குற்றம். இங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர் கேட்டு, அது ஒலித்து, "நம்ம பாட்டு" என்று அவர் எழுந்து, மற்றவர்கள் அவரைப் பார்க்க வேண்டும். பாட்டு மாறியதே தெரியவில்லை என்றால் அந்த மரியாதை எங்கே போய் விழும்? பெங்களூரில் தவறாக இருந்தது தர்மபுரியில் கடமை. அன்றே வெட்டைக் கற்றுக்கொண்டேன். வாக்கியத்தின் கடைசி அடியில் ஓடும் பாட்டை நிறுத்தி, முதல் அடியில் புதியதை முழு வேகத்தில் இறக்குவது. கதவைத் தட்டாமல் உள்ளே வரும் முறை. ஆனால் வருபவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

மற்ற முறைகளையும் சொல்லிவிடுகிறேன், கேட்டவர்களுக்காக. எக்கோ என்பது தப்பித்தல். இரண்டு பாட்டின் வேகமும் ஒத்துவராதபோது, முதலாவதை எதிரொலியில் கரையவிட்டு அந்தப் புகைமூட்டத்தில் இரண்டாவதைத் தொடங்கிவிடலாம். மேடைப் பேச்சாளர் அடுத்த வரி மறந்ததும் தண்ணீர் குடிப்பாரே, அது. டிரம் அண்ட் பேஸ் இசைக்காரர்கள் இரண்டு பாட்டின் உச்சத்தையும் ஒரே அடியில் மோதவிடுவார்கள். இதை ஒரே ஒருமுறை, ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் செய்தேன். மாணவர்கள் கூரை வரை குதித்தார்கள். முதல்வர் எலக்ட்ரீஷியனை அனுப்பினார்.

இனி ரஃபீக். தர்மபுரியில் வளையல் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். இந்த மாவட்டத்தில் என் ஒரே போட்டியாளன். அவன் முறை டிராப். பாட்டை ஏற்றுவான், ஏற்றுவான், இன்னும் ஏற்றுவான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு கணம் சுத்த மௌனம். அடுத்த கணம் இடி. கூடவே லாரி ஹாரன் போல ஒரு சத்தம்; அதற்கென்றே தனிப் பட்டன் வைத்திருந்தான். ஜாக்கெட்டுத் துணி போல மினுங்கும் விளக்குகளை மேசையைச் சுற்றிக் கட்டியிருப்பான்.

"அண்ணன் மிக்ஸிங்கு தாலாட்டு. புள்ள தூங்கிடும். புள்ளயோட அப்பனும் தூங்கிடுவான்" என்பான்.

"உன்னுது பஸ் ஸ்டாண்டு" என்பேன். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வான்.

அவனும் நானும் ஒரே மண்டபத்தில் நின்ற அந்த மாலைதான் நான் பார்த்ததிலேயே கடினமான வேலை.

மணப்பெண் சௌமியா, இண்டூர் விவசாயக் குடும்பம், ஓசூரில் நர்ஸ். மாப்பிள்ளை பிரபு, ஏரியூர்ப் பக்கம், ஓசூரிலேயே தொழிற்சாலை வேலை. இருவரும் விரும்பி, இரண்டு வீட்டையும் பேசிப் பேசிக் கரைத்துச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். கடைசியாகச் சம்மதித்தவர் பிரபுவின் பெரியப்பா முனிரத்தினம். தகப்பன் இல்லாத பிரபுவைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான். அரைமனதாகத்தான் தலையாட்டியிருந்தார். மறுநாள் காலை முகூர்த்தம். முதல் நாள் மாலை வரவேற்பு. சௌமியாவின் தாய்மாமன் கோவிந்தன் என்னை அழைத்திருந்தார். மதியம் போய் மேடைக்கு இடப்பக்கம் ஸ்பீக்கரை இறக்கிக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் பழக்கமான விளக்குகள் மினுங்கின.

"அண்ணா, நீங்க எங்க இங்க?" என்றான் ரஃபீக்.

"பொண்ணு வூடு. நீ?"

"மாப்ள வூடு."

இருவரும் சிரித்தோம். கொஞ்ச நேரம்தான்.

நிச்சயத்தின்போது செலவுகளை வழக்கப்படி பிரித்துப் பேசியிருந்தார்கள். மண்டபமும், மண்டபத்துக்குள் இருக்கும் நாற்காலி, விளக்கு, மைக்செட்டும் பெண் வீட்டுப் பொறுப்பு. ஊர்வலமும் மேளமும் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. டிஜே என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. ஆகவே இரண்டு வீடும் அதைத் தங்கள் பங்கில் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, தனித்தனியே ஏற்பாடு செய்துவிட்டன.

"மைக்செட்டு மண்டபத்தோட சேந்தது. டிஜேன்னா மைக்செட்டு. இதுல என்ன பேச்சு?" என்றார் கோவிந்தன்.

"மைக்செட்டு வெச்சு எவனாச்சும் ஆடுவானா? ஆடறதுக்கு அடிக்கறது மேளம். மேளம் எங்க வூட்டு மொற" என்றார் முனிரத்தினம்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. நீங்க மைக்செட்டா, மேளமா?"

அலைகளும் அதிர்வுகளும் தாளில் இந்தக் கேள்வி வந்ததில்லை. நான் விழித்ததைப் பார்த்து ரஃபீக் உதவிக்கு வந்தான். "ரெண்டும் வேணாங்க. எங்கள லைட்டுன்னு வெச்சுக்கங்க."

"லைட்டும் மண்டபந்தான்" என்றார் கோவிந்தன் உடனே.

முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க டிஜே ஓடலன்னா எங்க சனம் ஒருத்தரும் எலயில கை வெக்க மாட்டோம். தீர்த்தமலையான் மேல சத்தியம்."

"எங்க டிஜேவ நிறுத்துனா காலைல தாய்மாமன் சீரு கெடையாது" என்றார் கோவிந்தன்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதன் எடை சொல்லாமலே தெரியும். வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் எழுந்தால் அவர்கள் வந்த வண்டிகள் கிளம்பிவிடும். கிளம்பிய வண்டிகள் காலையில் திரும்பி வரும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சௌமியாவின் அப்பா மாதையன், எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டே மண்டபம் முழுக்க நடந்துகொண்டிருந்தவர், ஒரு சமாதானம் சொன்னார். ஆளுக்கு ஒரு பாட்டு, மாற்றி மாற்றி. நியாயமாகத்தான் பட்டது. நடைமுறையில் அது எரிகிற தீயில் பெட்ரோல். நான் போட்ட பாட்டு முடியும் முன்பே ரஃபீக்கின் ஹாரன் அலறும். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் விசில் அடித்துக்கொண்டு எழுவார்கள். பெண் வீட்டார் உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த வெட்டு என்னுடையது. எங்கள் பக்கம் எழும், அவர்கள் பக்கம் உட்காரும். ஆட்டம் போய், எழுந்து உட்காரும் தேகப்பயிற்சி ஆகிவிட்டது. போதாததற்கு யாரோ எண்ணத் தொடங்கினார்கள்.

"எங்களுக்கு ஒரு பாட்டு கொறையுது!"

"ஒங்க பாட்டு ஒண்ணொண்ணும் எம்மாம் நீளம்? அத கழிச்சிக்க!"

சாப்பாட்டுக் கூடத்தில் இலைகள் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். பெண் வீட்டார் சாப்பிட்ட வரிசைகள் போக, மாப்பிள்ளை வீட்டாருக்கான வரிசைகள் அப்படியே காய்ந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் சௌமியா மேடையிலிருந்து இறங்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை, முகத்தில் மட்டும் டியூட்டி நேரத்து நர்ஸ்.

"பெரிய மாமா வண்டிய எடுக்கச் சொல்லிட்டாருங்க. அவரு வாசல தாண்டுனா பிரபுவும் பின்னாடியே போய்த்தான் ஆவணும். வளத்தவரு, அவரு என்ன பண்ணுவாரு பாவம். ஆனா போனா திரும்ப வர வுடமாட்டாங்க. எங்கப்பா தாங்க மாட்டாரு. ரெண்டு பேரும் பெரிய டிஜேன்னு சொல்றாங்க, ஏதாச்சும் பண்ணுங்க." மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தாள்: "ஹாரன் மட்டும் வேணாண்ணா. உள்ள பச்ச கொழந்த இருக்குது."

அவள் போனதும் நான் ரஃபீக் பக்கம் நகர்ந்தேன்.

"ரஃபீக், இவங்க எண்ணறது பாட்டயில்ல. பாட்டு மாறுற எடத்தத்தான் எண்ணறாங்க. மாறுறது கேக்கலன்னா எத எண்ணுவாங்க?"

"தாலாட்டா?" என்றான் சந்தேகமாக.

"அதுக்கும் மேல. எந்த நேரமும் ரெண்டு பேரோடதும் ஓடணும். ஒன்கிட்ட பாட்டுலருந்து கொரல மட்டும் பிரிச்செடுக்கற வசதி இருக்குதில்ல? கொரல் ஒன்னுது. அடியும் பேஸும் என்னுது. அப்பறம் யார் பாட்டுன்னு எவன் சொல்லுவான்?"

ரஃபீக் யோசித்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு திருட்டுச் சிரிப்பு பரவியது. "அண்ணா, படிச்சவங்க கெட்டுப்போனா ரொம்பத்தான் கெட்டுப்போறீங்க" என்று வயரை எடுத்தான்.

செய்முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். அவன் பாட்டு ஓட்டும் கன்ட்ரோலரின் வெளியீட்டை என் மிக்ஸரின் காலி வரிசையில் சொருகினோம். என் மிக்ஸரிலிருந்து இடது ஸ்பீக்கர்களுக்கும் வலது ஸ்பீக்கர்களுக்கும் ஒரே ஒலி. இரண்டு தனித்தனி இயந்திரங்கள் என்பதால் சிங்க் பட்டன் உதவாது. நிமிடத்துக்கு நூற்றிருபத்தாறு அடி என்று இருவரும் வைத்துக்கொண்டோம். ஆனாலும் என் இயந்திரத்தின் நூற்றிருபத்தாறும் அவனுடையதும் மயிரிழை விலகும். ஹெட்போனின் ஒரு காது எனக்கு, ஒரு காது அவனுக்கு. விலகும்போதெல்லாம் அவன் தன் கன்ட்ரோலரின் சக்கரத்தை விரல் நுனியால் தள்ளிக் கொடுத்தான். சுருதிதான் பெரிய தலைவலி. அவன் குரலும் என் பேஸும் ஒரே சுருதியில் இல்லையென்றால் வேகம் எவ்வளவு சேர்ந்தாலும் புளித்துப் போகும். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் அவன் காதில் சுருதியைச் சொல்வேன். அவன் தன் பட்டியலில் அதற்குப் பொருந்தும் குரலைத் தேடுவான். மாற்றும்போது இருவரும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. என் அடி நிலையாக இருக்கும்போது அவன் குரலை மாற்றுவான்; அவன் குரல் உச்சத்தில் இருக்கும்போது நான் அடியை மாற்றுவேன். கூட்டத்தின் காலுக்கு எப்போதும் ஒரு பிடிமானம் இருக்க வேண்டும்.

முதல் மாற்றத்திலேயே அவன் விரல் ஹாரன் பட்டனை நோக்கி ஊர்ந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பழக்கதோஷம்ணா" என்றான்.

கொஞ்ச நேரத்தில் வேடிக்கை தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் தங்கள் பாட்டு என்று விசில் அடித்து எழுந்தார்கள். அதே அடிக்குப் பெண் வீட்டுப் பையன்கள் தங்கள் பாட்டு என்று எழுந்தார்கள். எழுந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துத் திகைத்தன. உட்கார வேண்டியது யார் என்று முடிவாகாததால் யாரும் உட்காரவில்லை. நின்றுகொண்டே எவ்வளவு நேரம் முறைப்பது? ஆடத் தொடங்கினார்கள். முனிரத்தினத்தின் மனைவி ராஜம்மாள், அதுவரை புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு ஓரமாக இருந்தவர், சௌமியாவின் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் சுற்ற ஆரம்பித்தார்.

வாசல் வரை போன முனிரத்தினம் திரும்பி வந்தார். மறுபக்கத்திலிருந்து கோவிந்தனும் வந்தார்.

"இப்ப ஓடறது யார் பாட்டு?" என்றார் முனிரத்தினம்.

"பாடறது ஒங்க வூடுங்க" என்றேன்.

"அப்ப அடிக்கறது?" என்றார் கோவிந்தன்.

"அடிக்கறது ஒங்க வூடு" என்றான் ரஃபீக்.

"பாட்டுன்னா பாடறதுதான. அப்ப பாட்டு எங்களது" என்றார் முனிரத்தினம்.

"ஆடறது அடிக்குத்தான்னு மத்தியானம் நீங்கதான் சம்பந்தி சொன்னீங்க. அப்ப ஆட்டம் எங்களது" என்றார் கோவிந்தன்.

இருவர் முகத்திலும் வென்ற களை. இருவரிடத்திலும் ஒரு சந்தேகமும் இருந்தது. முனிரத்தினம்தான் முதலில் அசைந்தார். "அவங்களத நிறுத்து. எங்களத மட்டும் தனியா கேக்கணும்."

ரஃபீக் என்னைப் பார்த்தான். வாடிக்கையாளர் கேட்டால் செய்வதுதான் தொழில். என் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கினேன்.

அடி நின்றது. பேஸ் நின்றது. மண்டபம் முழுக்க ஒரே ஒரு குரல், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், குளியலறையில் சோப்புத் தேய்த்துக்கொண்டு பாடுபவன் போலத் தனியாக அலைந்தது. ஆடிக்கொண்டிருந்த கால்கள் அந்தரத்தில் நின்றன. இரண்டு பையன்கள் மோதிக்கொண்டார்கள். ராஜம்மாளின் சுற்று பாதியில் அறுந்தது.

"எவன்டா அது நிறுத்துனது?"

மண்டபமே எங்கள் பக்கம் திரும்பியது. வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். நாங்கள் காட்டிக்கொடுக்கவில்லை. இருவரும் முனிரத்தினத்தைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

"நீங்களா?" என்றார் ராஜம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "வூட்லதான் நான் டிவி பாத்தா நிறுத்துறீங்க. கல்யாண மண்டபத்துலயுமா?"

மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்தே சிரிப்பு கிளம்பியது. கோவிந்தனுக்கு இது போதவில்லை. "சம்பந்தி ஒரு வாட்டி நிறுத்திப் பாத்துட்டாரு. இப்ப அவங்களத நிறுத்துங்க. எங்களது எப்படி இருக்குதுன்னு சனம் பாக்கட்டும்."

ரஃபீக் குரலை இறக்கினான். நான் அடியை ஏற்றினேன். குரலும் ராகமும் இல்லாமல் அது மட்டும் திம் திம்மென்று ஓடியது.

"இது கெணத்து மோட்டரு மாமா!" என்று கத்தினான் கோவிந்தனின் சொந்த மருமகன். இந்த முறை இரண்டு பக்கமும் சேர்ந்தே சிரித்தன.

நான் மோட்டாரையும் அணைத்தேன். மண்டபம் மௌனமானது. முனிரத்தினமும் கோவிந்தனும் எதிரெதிரே நின்றார்கள். மேடையில் பிரபு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். அவன் பெரியப்பா கேலிக்கு ஆளானவராக வாசலைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு எந்தச் சமாதானமும் செல்லாது என்று எனக்குப் புரிந்தது. மாதையன் பாதி வழியில் நின்றுவிட்டார்.

முனிரத்தினம் தொண்டையைச் செருமினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, மிகப் பெரிய சலுகை ஒன்றை வழங்குபவரின் குரலில் சொன்னார்: "என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? ரெண்டயும் போடுங்கப்பா."

இளம் டிஜேக்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மௌனத்திலிருந்து நீண்ட கலவை செய்ய முடியாது. கரைப்பதற்கு ஏற்கெனவே ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மண்டபம் அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்கு ஒரே ஒரு முறைதான் பொருந்தும், அது என்னுடையதல்ல.

"ரஃபீக், ஒன் கடைய தொற" என்றேன்.

அவன் ஏற்றினான். ஒரு மெல்லிய சுருதி எழுந்து உயர்ந்தது; கைதட்டல் போன்ற ஒலி இரட்டித்தது, மறுபடி இரட்டித்தது. நான் என் பேஸை அடியில் காத்திருக்க வைத்தேன். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. ராஜம்மாள் சௌமியாவின் அம்மாவின் கைகளை மறுபடி பிடித்துக்கொண்டார். எல்லாம் உச்சிக்குப் போய், ஒரு கணம் நின்றது. ரஃபீக் என்னைப் பார்த்தான். விரல் அந்தப் பட்டனுக்கு மேலே மிதந்தது. பச்சைக் குழந்தையை நினைத்துக்கொண்டேன். முனிரத்தினத்தின் முகத்தையும் பார்த்தேன். தலையசைத்தேன்.

ஹாரன் அலறியது. அதே அடியில் அவன் குரலும் என் பேஸும் ஒன்றாக இறங்கின. மண்டபம் எகிறியது என்று எழுதினால் அது உவமை இல்லை. மேடைக்கு மேலே கட்டியிருந்த தெர்மாகோல் அன்னம் ஒன்று கழன்று மாதையன் தோளில் விழுந்தது. ஏரியூரும் இண்டூரும் எது எதுவென்று பிரிக்க முடியாமல் குதித்தன. கோவிந்தன் வேட்டியை மடித்துக் கட்டினார். முனிரத்தினம் ஆடினார் என்று சொன்னால் மிகை; தோள் மட்டும் ஆடியது, ஆனால் தாளத்தில் ஆடியது. உள்ளேயிருந்து வந்த பச்சைக் குழந்தையை அதன் அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு குதித்தாள்; அது வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது.

வேர்த்து விறுவிறுத்து முனிரத்தினம் வாசல் பக்கம் திரும்பியபோது, வண்டி ஞாபகம் வந்துவிட்டதோ என்று பயந்தேன். அவர் அங்கிருந்த டிரைவரைப் பார்த்துக் கையை வீசினார். "வண்டிய ஓரமா போடுய்யா, வழில நிக்குது! டேய், நம்ம சனத்த எல்லாம் பந்திக்குக் கூப்புடு. சோறு ஆறிப் போவப் போவுது."

மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுக் கூடத்துக்குள் திமுதிமுவென்று நுழைந்தார்கள். மாதையன் தோளில் தெர்மாகோல் துகள்களோடு ஓடிப்போய்ச் சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டார். முதல் இலையில் உட்கார்ந்த முனிரத்தினம் சோற்றில் கை வைக்கும் முன், மேடைப் பக்கம் பார்த்து ஊருக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"எங்க வூட்டு மருமவ சாப்ட்டாளா? அவளுக்கு எம் பக்கத்துல ஒரு எல போடுங்க!"

மேடையிலிருந்து சௌமியா எட்டிப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஜாங்கிரிப் பாகு மினுங்கியது.

"நான் ஆச்சுங்க மாமா! நீங்க வண்டிய எடுக்கச் சொன்னீங்களே, அப்பவே பயத்துல ரெண்டு எல சாப்ட்டுட்டன்!"